தேவையில்லாத டெஸ்டைத் தவிர்ப்பது எப்படி: சீட்டு கைக்கு வருவதிலிருந்து டிஸ்சார்ஜ் வரை

மருத்துவச் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் நம் ஆட்கள் முதலில் செய்வது லேபில் தள்ளுபடி கேட்பது. தேவையே இல்லாத டெஸ்டை 20 சதவீதத் தள்ளுபடியில் எடுத்தால் மிச்சம் 20 சதவீதம் இல்லை, நஷ்டம் 80 சதவீதம். அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. சில நூறு ரூபாய் டெஸ்டில் ஒரு எண் கொஞ்சம் தள்ளி வந்துவிட்டால் அதை உறுதி செய்ய ஒரு ஸ்கேன், ஸ்கேனில் தெரிந்த புள்ளிக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட், அவர் எழுதும் இன்னும் நாலு டெஸ்ட், நடுவில் இரண்டு நாள் லீவு, வீட்டில் எல்லோருக்கும் தூக்கமில்லாத ராத்திரிகள் என்று அது ஒரு ஊர்வலமாகக் கிளம்பிவிடும். பெரிய பணம் போவது அந்த ஊர்வலத்தில்தான்.

ஆகவே மலிவாக டெஸ்ட் எடுப்பது பற்றி இதில் கொஞ்சம்தான் இருக்கும். எதைக் கேள்வி கேட்பது, யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது என்பதுதான் விஷயம். தமிழ்நாட்டில் கைக்காசு போட்டு வைத்தியம் பார்க்கும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: எதில் கை வைக்கக் கூடாது

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிக்கனம் என்று ஆரம்பித்தால் சிலர் தேவையானதையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் இழுப்பது, வாய் கோணுவது, திடீரென வந்த தாங்க முடியாத தலைவலி, மயக்கம், நிற்காத ரத்தப்போக்கு இவற்றில் எந்தக் கேள்வியும் வேண்டாம். இசிஜி, சிடி, ரத்தம் என்று அவர்கள் கேட்பதை எடுக்க விடுங்கள். அங்கே நிமிஷம்தான் கணக்கு.

அப்புறம், உடம்புக்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியவை சில உண்டு. 30 வயது தாண்டியவர்களுக்கு பிரஷர், சுகர், வாய், பெண்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்பது மத்திய அரசின் தொற்றாநோய்த் திட்டத்திலேயே இருக்கிறது. இவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷரையும் சுகரையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். பாக்கு, புகையிலை போடுகிறவர் வாயைத் திறந்து காட்டினால் போதும், ஒரு பைசா செலவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்து முழு உடல் பரிசோதனை செய்துகொள்பவர்களில் எத்தனை பேர் வாயைத் திறந்து காட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சர்க்கரை நோயாளிக்கு வருடம் ஒரு முறை கண் விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், பாதப் பரிசோதனை கட்டாயம். கர்ப்பிணிகளுக்கு எழுதுவதில் எதையாவது நீக்க நினைத்தால் டாக்டரிடம் பேசாமல் நீக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை, அதுவும் அரசு மருத்துவமனையில் இலவசம். இவ்வளவையும் ஒதுக்கி வைத்துவிட்டு மீதியில்தான் நம் வேலை.

படி 2: பழைய ரிப்போர்ட்டுகளை ஒழுங்கு பண்ணுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் அதிகம் மிச்சமாவது இங்கேதான். ஒரே டெஸ்டை மறுபடி எடுக்கச் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் பழையது கையில் இல்லாததுதான். மஞ்சள் பையில் எல்லா வருடத்து ரிப்போர்ட்டும் கலந்து கிடக்கும், டாக்டருக்கு ஒரு நோயாளிக்கு இருக்கும் சில நிமிஷத்தில் அவர் அதைக் கிளறிக்கொண்டிருக்க மாட்டார், புதிதாக எழுதிவிடுவார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ஒரு முழுத்தாளை எடுத்து நாலு கட்டம் போடுங்கள்: தேதி, டெஸ்ட் பெயர், அளவு, எங்கே எடுத்தது. சுகர், ஹெச்பிஏ1சி (சுகரின் சில மாதச் சராசரி), கிரியாட்டினின், ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டு), கொலஸ்டிரால் இந்த ஆறுக்கும் கடைசி மூன்று வருட எண்கள் ஒரே பக்கத்தில் வந்துவிட்டால் போதும். இசிஜி தாளை மட்டும் நம்பி வைக்காதீர்கள். அது வெப்பத்தில் அச்சாகும் தாள். பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்தால் சில வருடத்தில் கோடு மங்கி வெறும் ரோஜா நிறக் கட்டம் மட்டும் மிஞ்சும். எடுத்த அன்றே போனில் படம் பிடித்துவிடுங்கள். பழைய இசிஜியில் அதே மாற்றம் ஏற்கனவே இருந்தது தெரிந்தால் எக்கோ, ட்ரெட்மில் என்று அடுத்தடுத்த இதய டெஸ்டுகளுக்குப் போகாமலே பல நேரம் விஷயம் முடிந்துவிடும். ஸ்கேன் எடுத்தால் எழுத்து ரிப்போர்ட்டோடு பிலிமையோ படம் பதிந்த சிடி தட்டையோ கேட்டு வாங்குங்கள், அடுத்த டாக்டருக்குப் படம்தான் வேண்டும்.

மருத்துவமனை ரிப்போர்ட் தர மறுத்தால், இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள்.

அந்தத் தாளில் தேதி இருப்பதற்கு இன்னொரு பயன் இருக்கிறது. ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி, அதைப் போன மாதம் எடுத்துவிட்டு இந்த மாதமும் எடுப்பதில் சாதாரணமாக அர்த்தமில்லை. தைராய்டு மாத்திரை அளவை மாற்றினால் டிஎஸ்ஹெச் நிலைப்பட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், பதினைந்தாம் நாள் எடுத்தால் தவறான எண் வரும், அதை வைத்து மாத்திரையை மறுபடி மாற்றுவார்கள், குழப்பம் கூடும். கொலஸ்டிரால் மாத்திரை ஆரம்பித்தவர்கள் 4 முதல் 12 வாரத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு, அளவு சரியாக இருந்தால் பிறகு வருடம் ஒரு முறை பார்த்தால் போதும்.

படி 3: டாக்டர் அறைக்குள்

பல கிளினிக்குகளில் டெஸ்ட் சீட்டு அச்சடித்தே இருக்கும். இடது பக்கம் ரத்தம், வலது பக்கம் ஸ்கேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கட்டம். பேனா சரசரவென்று எட்டு இடத்தில் டிக் போட்டுவிட்டு, கீழே கையெழுத்து, "எடுத்துட்டு வாங்க." நாமும் எழுந்துவிடுவோம். எழுந்திருக்காதீர்கள். அந்த முப்பது விநாடியில் கேட்காததை அப்புறம் பில்லிங் கவுண்டரில் நின்று கேட்டுப் பயனில்லை.

கேட்க வேண்டிய கேள்வி உண்மையில் ஒன்றுதான்: இந்த டெஸ்டின் முடிவைப் பொறுத்து வைத்தியத்தில் என்ன மாறும்? நல்லபடியாக வந்தாலும் இதே மாத்திரை, மோசமாக வந்தாலும் இதே மாத்திரை என்றால் அந்த டெஸ்ட் எதற்கு?

ஆனால் இதை இப்படியே கேட்டால் நம் ஊரில் எடுபடாது. "என்னை நம்பலையா, நீங்க டாக்டரா நான் டாக்டரா" என்று போய்விடும். கேட்கும் விதத்தில் இருக்கிறது. நான் பார்த்தவரை வேலை செய்யும் வழி இது:

"டாக்டர், இதுல முதல்ல எடுக்க வேண்டியது எது? அத எடுத்துட்டு வந்து காட்டுறேன், அதப் பாத்துட்டு மத்தத எடுக்கலாமா?"

இதில் சந்தேகமும் இல்லை, சவாலும் இல்லை. பல டாக்டர்கள் உடனே எட்டில் மூன்றை வட்டம் போட்டுக் காட்டிவிடுவார்கள். மீதி ஐந்தும் "இருந்தா நல்லது" ரகம். கையில் பழைய ரிப்போர்ட் இருந்தால் "போன மாசம் எடுத்தது இருக்கு டாக்டர், அதுவே போதுமா பாருங்க" என்று நீட்டுங்கள். ஆபத்தான அறிகுறி இல்லாத நோயென்றால் "ரெண்டு மூணு நாள் பாத்துட்டு குறையலேன்னா எடுக்கலாமா, எந்த மாதிரி ஆனா உடனே வரணும்?" என்று கேளுங்கள். இரண்டாவது பாதியை விடாதீர்கள். எப்போது திரும்பி வர வேண்டும் என்று தெரியாமல் காத்திருந்தால் ஆபத்து உங்களுக்குத்தான். வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்கலாம்: "இதுல ஏதாவது தெரிஞ்சா இந்த வயசுல ஆபரேஷன் பண்ணுவோமா?" மாட்டோம் என்றால் தேடியே ஆக வேண்டுமா என்று பேச அதுவே நல்ல இடம்.

டாக்டர்கள் எல்லோரும் கமிஷனுக்காக எழுதுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கமிஷன் இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது. படி 2-ல் சொன்ன மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளில் 6.4 பிரிவே நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவதையும் கொடுப்பதையும் தடை செய்கிறது. ஆனால் பயமும் ஒரு காரணம். 1995-ல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நோயாளிக்கு அது நல்லதுதான். அதே நேரம் "ஏன் ஸ்கேன் எடுக்கவில்லை" என்று நாளை யாராவது கேட்டால் பதில் வேண்டுமே என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்றாவது காரணம் நாம். டெஸ்ட் எழுதாத டாக்டரை "சும்மா தொட்டுப் பாத்துட்டு மாத்திர கொடுத்து அனுப்பிட்டார்" என்று சொல்லி, "எதுக்கும் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்குவது நாம்தான். தொட்டுப் பார்த்து, ஐந்து கேள்வி கேட்டு, டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லும் டாக்டர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

படி 4: அடிக்கடி வீணாகும் டெஸ்டுகள்

இங்கே கொஞ்சம் விரிவாகவே போகிறேன்.

முதுகுவலி. கீழ்முதுகு பிடித்துக்கொண்டால் மறுநாளே எம்ஆர்ஐ. அதில் "எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்" என்று வரும், வந்தவர் முகம் வெளுத்துவிடும். வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வந்த ஒரு ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 100-க்கு 30 பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது, 80 வயதில் 84 பேருக்கு. அதாவது தலை நரைப்பது போல வயதோடு வருவதை நோயென்று அச்சடித்துக் கொடுக்கிறோம். பெரும்பாலான முதுகுவலி ஆறு வாரத்தில் தானாகக் குறையும், அதுவரை ஸ்கேன் தேவையில்லை. ஆனால் சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் பலம் குறைவது, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்தது இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பார்க்க வேண்டும்.

காய்ச்சல். இரண்டு நாள் சளிக்காய்ச்சலுக்கு முழுப் பேனலும் எடுத்துவிடுவது நம் ஊர் வழக்கம். அதில் டைபாய்டுக்கான வைடால் என்று ஒன்று நிச்சயம் இருக்கும். எப்போதோ வந்துபோன டைபாய்டோ தடுப்பூசியோகூட அதை பாசிட்டிவாகக் காட்டிவிடலாம், ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்ட முடியாது. டைபாய்டு என்று உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன் எடுக்கும் பிளட் கல்ச்சர்தான் (ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்ப்பது) சரியானது. விலை கூடுதல்தான், ஆனால் தப்பான டைபாய்டுக்கு ஊசி போட்டுப் பதினாலு நாள் அலைவதைவிடக் குறைவு.

டெங்கு சீசனில் கணக்கு வேறு. டெங்குவுக்கான ரத்த டெஸ்டுகளில் என்எஸ்1 முதல் ஐந்து நாளுக்கானது, ஐஜிஎம் ஐந்தாம் நாளுக்குப் பிறகு. நாளைச் சரியாகச் சொல்லாமல் இரண்டையும் எடுப்பதுதான் வீண். "எத்தனாவது நாள் காய்ச்சல்" என்பதைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். டெங்கு என்று உறுதியானபின் காய்ச்சல் விடும் சமயத்தில்தான் ஆபத்து, அந்த நாட்களில் ரத்த அணுக்களைத் தினமும் பார்ப்பது வீண் இல்லை. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, சோர்ந்து சுருண்டு கிடப்பது இருந்தால் பிளேட்லெட் எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

தைராய்டு ஸ்கேன். கழுத்தில் கட்டி தட்டுப்படாதவருக்கு, முழு உடல் பரிசோதனையோடு சேர்த்துக் கழுத்து ஸ்கேனும் பண்ணிவிடுவதன் விளைவைத் தென்கொரியா பார்த்துவிட்டது. 1999-ல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தபோது தைராய்டு அதில் இல்லை. ஆனால் கொஞ்சம் கூடுதல் காசுக்கு அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனைகள் சொல்ல, மக்களும் பார்த்துக்கொண்டார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கு, அந்த ஒரே வருடத்தில் 40,000 பேருக்கு மேல். அத்தனை கண்டுபிடித்தும் அந்த நோயால் இறந்தவர்கள் எண்ணிக்கை குறையவே இல்லை. உயிருக்கு ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருக்கும் சின்னப் புள்ளிகளைத் தேடிப்பிடித்து தைராய்டை எடுத்திருக்கிறார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் 100-க்கு 11 பேருக்குப் பக்கத்துச் சுரப்பி கெட்டு கால்சியம் குறைபாடு வந்தது, 2 பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014-ல் அங்குள்ள டாக்டர்களே கூடி எதிர்த்த பிறகு ஒரு வருடத்தில் அந்த அறுவை சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. மலிவான ஒரு டெஸ்ட் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

கேன்சர் மார்க்கர். சிஏ-125, சிஇஏ, சிஏ 19-9 போன்ற ரத்த டெஸ்டுகள் ஏற்கனவே நோய் இருப்பவருக்கு வைத்தியம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கு. நலமாக இருப்பவருக்குக் "கேன்சர் இருக்கா இல்லையா" என்று பார்க்க இவை உதவாது. மாதவிடாய் நாளில்கூட சிஏ-125 ஏறும். பேக்கேஜில் இது சேர்ந்திருந்தால் அந்த பேக்கேஜை யோசிக்காமல் ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து.

விட்டமின் டி. எடுத்தவருக்கெல்லாம் குறைவு என்றுதான் வருகிறது. நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு இதை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று ஹார்மோன் நிபுணர்களின் எண்டோகிரைன் சொசைட்டியே 2024 வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. எலும்பு நோய், சிறுநீரக நோய் போன்ற காரணம் இருந்தால் அது வேறு.

ஏஎன்ஏ, ஆர்ஏ ஃபேக்டர். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்கும் மூட்டுவாதம், லூபஸ் போன்ற நோய்களுக்கான ரத்த டெஸ்டுகள், கைகால் வலி என்றதும் எழுதப்படுபவை. 1:80 அளவில் ஏஎன்ஏ பாசிட்டிவ் என்பது நலமாக இருப்பவர்களிலேயே 100-க்கு 13 பேருக்கு இருக்கும். மூட்டு வீக்கமோ காலை இறுக்கமோ தோல் மாற்றமோ இல்லாமல் இதை எடுத்தால் லூபஸ் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

சிடி ஸ்கேன். இதில் பணம் தவிர கதிர்வீச்சும் உண்டு. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சிடியில், இயற்கையாக நமக்கு ஏறக்குறைய மூன்று வருடத்தில் வரும் அளவு கதிர்வீச்சு ஒரே நாளில் வந்துவிடும். தேவையென்றால் எடுத்தே ஆக வேண்டும், சந்தேகமில்லை. "அல்ட்ராசவுண்டில் தெரியாதா டாக்டர்?" என்ற ஒரு கேள்வியை, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, கேட்டுவிட்டு எடுங்கள். 2021 இரண்டாம் அலையில் லேசான கொரோனாவுக்கே மாற்றி மாற்றி நெஞ்சு சிடி எடுத்துக்கொண்டோமே, அதில் பலருக்கு வைத்தியத்தில் ஒரு மாத்திரைகூட மாறவில்லை.

படி 5: பேக்கேஜ் விளம்பரத்தைப் படிக்கும் முறை

"90 டெஸ்ட், வெறும் 999." இந்த 90 எப்படி வருகிறது என்று பாருங்கள். ரத்த அணுப் பரிசோதனை என்ற ஒரே டெஸ்டில் இருபதுக்கு மேல் எண்கள் வரும், ஒவ்வொன்றையும் ஒரு டெஸ்ட் என்று எண்ணியிருப்பார்கள். கல்லீரலுக்குப் பத்துப் பன்னிரண்டு. இரண்டு எண்ணை வகுத்தால் வரும் விகிதமும் ஒரு டெஸ்ட். பதினைந்து பக்க ரிப்போர்ட்டில் எம்பிவி, ஆர்டிடபிள்யூ என்று டாக்டரே பெரும்பாலும் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் வரிகள் சிவப்பில் தடித்து நிற்கும்.

ஏன் எப்போதும் ஏதாவது ஒன்று சிவப்பில் வருகிறது? நார்மல் அளவு என்பதை நலமாக இருக்கும் 100 பேரில் 95 பேர் அடங்கும்படிதான் வரையறுக்கிறார்கள். மீதி ஐந்து பேர் நலமாக இருந்தும் கோட்டுக்கு வெளியே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் ஒன்றாவது தவறி வர 64 சதவீத வாய்ப்பு. 60 டெஸ்ட் என்றால் 95 சதவீதம். ரிப்போர்ட் வந்த மறுநாள் "சார், உங்க ரிப்போர்ட்ல சில வேல்யூ சரியில்ல, எங்க டாக்டர்கிட்ட இலவசமா பேசுறீங்களா" என்று போன் வருவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

இப்படிப் பொதுவாகச் செய்துகொள்ளும் உடல் பரிசோதனைகளால் ஆயுள் கூடுகிறதா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2019-ல் ஆராய்ந்தது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் பங்குகொண்ட ஆய்வுகளைத் தொகுத்ததில் மொத்த மரணத்திலும் புற்றுநோய் மரணத்திலும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

வரிக்காக எடுக்கிறேன் என்பவர்கள் உண்டு. பழைய வருமான வரி முறையில் 80டி பிரிவில் முன்கூட்டிய பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு கிடைக்கும், புதிய முறையில் அது இல்லை. 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு 5,000 செலவழித்தால் 1,000 மிச்சம். மற்ற 4,000 கைக்காசுதானே.

வருடம் ஒரு தடவை எதையாவது பார்த்தால்தான் மனசு ஆறும் என்றால், படி 1-ல் சொன்னதோடு கொலஸ்டிரால், கிரியாட்டினின், ஹீமோகுளோபின் சேர்த்துக்கொள்ளுங்கள், எடையையும் இடுப்புச் சுற்றளவையும் எழுதி வையுங்கள். எங்கள் குடும்பத்தில் நாங்கள் இதற்கு மேல் போவதில்லை.

படி 6: லேபில்

நோயாளி உரிமைச் சாசனத்தின்படி டெஸ்டை எங்கே எடுப்பது என்று தேர்வு செய்யும் உரிமை உங்களுடையது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த சாசனம் அது. "எங்க லேப்ல எடுத்தாத்தான் பார்ப்போம்" என்றால், என்ஏபிஎல் (லேப்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபில் எடுத்து வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அங்கீகாரம் இருக்கிறதா என்பதைப் போர்டில் இருக்கும் முத்திரையை மட்டும் நம்பாமல் ரிப்போர்ட்டிலும் அதன் எண்ணோடு இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து பார்க்க வேண்டிய டெஸ்டை ஒரே லேபில் எடுங்கள், லேபுக்கு லேப் முறை மாறும், அந்த வித்தியாசத்தை நோய் கூடியதாக நினைத்து மறுபடி எடுப்பார்கள்.

தப்பான சாம்பிளும் மறுபரிசோதனைக்கு ஒரு காரணம். முடி வளர, நகத்துக்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேபில் சொல்லிவிடுங்கள், தைராய்டு எண்ணையே அது மாற்றிக் காட்டும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு எடுப்பது நல்லது. ஊசி குத்தும்போது ரத்தம் சரியாக வராமல் சிரமப்பட்டு எடுத்திருந்தால் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் அதிகமாகக் காட்டலாம்.

பெரிய ஸ்கேன் என்றால் அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் சிடி, எம்ஆர்ஐ மையங்களை விசாரியுங்கள். வெளியே வாங்குவதைவிடக் கட்டணம் ரொம்பக் குறைவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சில பரிசோதனைகள் அதிலேயே வரும், அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள்.

படி 7: ரிப்போர்ட் வந்தபின்

ஒரு எண் நூலிழை தள்ளி வந்திருந்தால், உடம்பில் தொந்தரவு இல்லையென்றால், அடுத்த பெரிய டெஸ்டுக்குப் போவதற்கு முன் அதே டெஸ்டைச் சில வாரம் கழித்து ஒரு முறை எடுக்கலாமா என்று கேளுங்கள். பாதி நேரம் ஊர்வலம் அங்கேயே கலைந்துவிடும். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி, தொந்தரவு தராத பித்தப்பைக் கல் என்று வந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. "இப்படியே விட்டா என்ன ஆகும் டாக்டர்?" என்று கேட்டு, கத்தி வைக்கலாம் என்று சொன்னால் இன்னொரு டாக்டரிடம் அதே ரிப்போர்ட்டோடு போங்கள். இரண்டாவது கருத்து கேட்பதும் அந்தச் சாசனத்தில் இருக்கும் உரிமைதான். புதிதாக எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை.

படி 8: அட்மிட் ஆனால்

உள்ளே போனபின் கட்டுப்பாடு நம் கையில் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு நர்ஸ் வந்து ரத்தம் எடுத்துப் போவார், எதற்கென்று யாருக்கும் தெரியாது, முதல் நாள் எழுதியது யாரும் நிறுத்தாததால் ஓடிக்கொண்டிருக்கும். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வரும்போது "நேத்து ரத்தத்துல என்ன வந்துச்சு, இன்னிக்கும் எடுக்கணுமா டாக்டர்?" என்று கேட்டால் போதும். ஐசியூவில் இருப்பவருக்கு இது பொருந்தாது, அங்கே மணிக்கொரு தடவைகூடத் தேவைப்படும். ரத்தம் ஏற்றும்போது ரத்த வகையை மறுபடி பார்ப்பதையும் கேள்வி கேட்காதீர்கள், அது உயிர்ப் பாதுகாப்பு.

ஆபரேஷனுக்கு முந்தைய டெஸ்டுகள், ஆளையும் அறுவையையும் பொறுத்தவை. கண்புரைக்கு வழக்கமாக எடுக்கும் டெஸ்டுகளால் ஏதாவது பயன் உண்டா என்று சுமார் 18,000 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2000-ல் வந்தது. எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் பாதுகாப்பில் வித்தியாசமே இல்லை. கண் டாக்டர் முழு பேனல் கேட்டால் மூன்று மாதத்துக்குள் எடுத்த ரிப்போர்ட்டைக் காட்டி, இது போதுமா என்று கேளுங்கள். பிரஷரும் சுகரும் மட்டும் அன்றைக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

கடைசியாக இன்சூரன்ஸ். "ஒரு நாள் அட்மிட் ஆகிடுங்க, எல்லா டெஸ்டும் கிளைமில் வந்துடும்" என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாறாதீர்கள். டெஸ்ட் எடுப்பதற்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் கிடையாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிகளுக்கும் வகுத்திருக்கும் பொது விலக்குகளில் ஒன்று, உங்கள் பாலிசியில் எக்ஸ்க்ளூஷன் பகுதியில் நாலாம் எண்ணில் இருக்கும். கிளைம் நிராகரிக்கப்பட்டால் அறை வாடகையும் சேர்த்து உங்கள் தலையில்தான். மாறாக, சிகிச்சைக்காக உண்மையிலேயே அட்மிட் ஆகும்போது, அதே நோய்க்கு அதற்கு முன் வெளியில் எடுத்த டெஸ்டுகளுக்கும் பாலிசியில் சொன்ன நாட்கள் வரை பணம் உண்டு. பல பாலிசிகளில் அது 30 நாள். அதற்கு டாக்டர் எழுதிய சீட்டு, பில், ரிப்போர்ட் மூன்றும் ஒரே தேதி வரிசையில் இருக்க வேண்டும். சீட்டு இல்லாத பில்லைத் திருப்பிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் அன்று மொத்தத் தொகை மட்டும் போட்ட பில்லை வாங்காமல், டெஸ்ட் வாரியாகத் தேதி போட்டுப் பிரித்த பில்லைக் கேட்டு, கையில் இருக்கும் ரிப்போர்ட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். எடுக்காத டெஸ்டுக்கும் பில்லில் வரி விழுவது உண்டு, கவுண்டரிலேயே காட்டினால் அங்கேயே அடித்துக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் போன் பண்ணினால் நாலு பேரிடம் பேச வேண்டியிருக்கும்.